தோல் பிடித்ததை யார் பிடிப்பது?

(வந்தவாசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழக்கழிவைக் கொண்டு தண்ணீரிலுள்ள கதிரியக்க உலோகங்களை நீக்குவது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், “வந்தவாசிக்கும் கதிரியக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு வந்தவாசி என்றால் 1760ஆம் ஆண்டுப் போரும் கோரைப் பாயும். பக்கத்து ஆரணி என்றால் பட்டு. அணு, கதிர் என்ற பேச்சுக்கு இங்கே இடமேது?

சம்பந்தம் இரண்டு உண்டு. நேர்கோட்டில் அளந்தால் இங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் கல்பாக்கம் இருக்கிறது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984 ஜனவரியில் அங்கே வணிக உற்பத்தியைத் தொடங்கியது. வேக ஈனுலை வகையைச் சேர்ந்த சோதனை உலை ஒன்று அங்கேயே 1985இல் இயங்கத் தொடங்கியது. கதிரியக்கக் கழிவைக் கையாளும் படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள் நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கிறார்கள். இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டாம். கல்பாக்கத்துத் தண்ணீர் நம் பக்கம் வருவதில்லை. நம் மாவட்டத்துச் செய்யாறுதான் திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்கிறது. தண்ணீர் இங்கிருந்துதான் அங்கே போகிறது.

இரண்டாவது சம்பந்தம் நம் காலுக்குக் கீழே. நம்முடையது கடினப் பாறைப் பூமி. கிரானைட் வகைப் பாறைகளில் டன்னுக்குச் சில கிராம் என்ற அளவில் யுரேனியம் இயற்கையாகவே கலந்திருக்கும். ஆழ்துளைக் கிணறு ஆழமாக ஆழமாக, பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய தண்ணீரை நாம் இறைக்கிறோம். பாறையில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கு வரும். யாரும் கொட்டிய கழிவல்ல அது. பூமியின் சொந்தச் சரக்கு.

பழத்தோல் இப்படிப்பட்ட உலோகத்தைப் பிடிக்குமா என்பது விடை கிடைத்துவிட்ட கேள்வி. பிடிக்கும். எந்தத் தண்ணீரில் பிடிக்கும், பிடித்ததை எங்கே வைப்பது, யார் பொறுப்பில் வைப்பது என்பவைதான் மிச்சமிருக்கும் கேள்விகள். என் பேச்சு முழுவதும் அவற்றைச் சுற்றியே இருக்கும்.

தோலின் வேலை

மேசை மேல் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் இருக்கின்றன. இரண்டிலும் மயில்துத்தம் கரைத்த இளநீலத் தண்ணீர். கதிரியக்கப் பொருளை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது, கொண்டுவரவும் முடியாது. தாமிரமும் தண்ணீரில் இரட்டை நேர்மின்னேற்றத்தோடு திரிகிற உலோகம்தான் என்பதால், தோல் எப்படிப் பிடிக்கிறது என்பதைக் காட்ட அது போதும்.

இந்தக் கிண்ணத்தில் இருப்பது சாத்துக்குடித் தோல் தூள். பழச்சாறு கடையில் மூட்டை கட்டி வெளியே எறியும் தோல்தான். நறுக்கி, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மிக்சியில் அரைத்து, சல்லடையில் சலித்தது. பிறகு தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்து, கழுவி, மறுபடி உலர்த்தியது. ஒரு குடுவையில் இதைப் போட்டுக் கலக்குகிறேன், மற்றது ஒப்பிட்டுப் பார்க்க. நான் பேசி முடிப்பதற்குள் அந்தத் தண்ணீரின் நீலம் வெளுத்திருக்கும், தூள் பச்சை கலந்த நீலமாகியிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டுத் தூளில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நீலம் மறுபடி சாற்றில் தலைகாட்டும்.

தோலில் பெக்டின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. பழக்கூழ் ஆறியதும் ஜாமாக இறுகுவது இதனால்தான். பெக்டின் ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகளில் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகள் தொங்குகின்றன. அவை எதிர்மின்னேற்றம் பெறும்போது, தண்ணீரில் நேர்மின்னேற்றத்தோடு வரும் உலோக அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. சுண்ணாம்பில் ஊறவைப்பது எதற்கு என்றால், அந்த இடங்களில் முதலில் கால்சியத்தை உட்காரவைக்க. அப்போது பெக்டின் தண்ணீரில் கரைந்து வழியாமல் கெட்டிப்படும். தாமிரமோ யுரேனியமோ வந்தால் கால்சியம் எழுந்து இடம் கொடுக்கும். பாடநூல்கள் இதைப் பரப்புக் கவர்தல், அயனிப் பரிமாற்றம் என்ற இரண்டு தலைப்புகளில் சொல்லித்தருகின்றன.

பட்டுக்குச் சாயம் ஏற்றுபவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். தொட்டியில் அசிட்டிக் அமிலம் விட்டால்தான் பட்டு இழை அமிலச் சாயத்தை இழுக்கும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். அமிலம் இழைக்கு நேர்மின்னேற்றம் தருகிறது, எதிர்மின்னேற்றமுள்ள சாயம் அங்கே போய்ச் சேர்கிறது. பழத்தோலில் கணக்கு தலைகீழ். அமிலம் கூடினால் ஹைட்ரஜன் அயனிகளே இடத்தை அடைத்துக்கொள்ளும், உலோகம் வெளியே நிற்கும். எலுமிச்சைச் சாறு நீலத்தைப் பிடுங்கி வெளியே விடுவது அதனால்தான். தொட்டியின் அமில காரத்தன்மையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

உலகம் செய்து பார்த்தது

இந்த ஆராய்ச்சிக்கு வயது குறைவில்லை. ஜப்பானின் மியாசாகி மருத்துவக் கல்லூரியில் தகாஷி சகாகுச்சியும் அகிரா நகாஜிமாவும் 1980களிலேயே பெர்சிமன் பழத்தின் துவர்ப்புப் பொருளான டானினைக் கொண்டு யுரேனியத்தைப் பிடித்துக் காட்டினார்கள். அவர்கள் கண் கடல்மேல் இருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகமாக யுரேனியம் உண்டு. அளவு அற்பம், கடலோ பெரிது. பெர்சிமனின் தாவரப் பேரினத்தைச் சேர்ந்ததுதான் நம் பனிச்சை மரம். அதன் துவர்ப்புக் காயின் சாற்றை மீனவர்கள் வலைக்கும் படகுக்கும் பூசி வந்தது பழைய வழக்கம்.

ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் கட்சுதோஷி இனோவேயின் குழு, ஆரஞ்சுச் சாறு பிழிந்த சக்கையைச் சுண்ணாம்பால் பதப்படுத்தி உலோகங்களைப் பிடிக்க வைத்தது. அதே சக்கையில் இரும்பை ஏற்றி, 2003இல் ஆர்சனிக்கையும் நீக்கிக் காட்டியது. பிரேசிலில் 2011இல் வாழைப்பழத் தோலைக் கொண்டு ஆற்று நீரிலிருந்து தாமிரத்தையும் ஈயத்தையும் பிரித்தெடுத்தார்கள். ஒரே தோலை 11 முறை வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. அந்நாட்டின் அணு ஆராய்ச்சி நிறுவனத்தில் அதே தோலை யுரேனியத்துக்கும் சோதித்தார்கள்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மும்பையில் இருக்கிறது, பொருள் மட்டும் நம் தோப்பில் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் அடங்கிய குழு 2005இல் தென்னை நார்க்கழிவுத் தூளைக் கொண்டு யுரேனியத்தை நீக்கிய ஆய்வை வெளியிட்டது. தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நார் உரித்தபின் மலைபோல் குவியுமே, அந்தத் தூள்தான். 2010இல் அதே தூளைச் சீசியத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஆனால் இந்த முறை தூள் தனியாகப் போகவில்லை. நிக்கல் கலந்த ஒரு வேதிப்பொருளை அதன் நுண்துளைகளில் ஏற்றி அனுப்பினார்கள். ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூன்று உலோகம், மூன்று குணம்

கதிரியக்க உலோகம் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். தோலின் முன்னால் அவை ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

யுரேனியம் தண்ணீரில் தனித்து வராது. இரண்டு ஆக்சிஜனோடு சேர்ந்து யுரேனைல் என்ற அயனியாக வரும். இதற்கும் கார்பாக்சில் தொகுதிக்கும் நல்ல பொருத்தம். இலேசான அமிலத்தன்மையில், அதாவது பி.எச். 4 முதல் 6 வரை, தோல் இதை நன்றாகப் பிடிக்கும். யுரேனியம் 238இன் அரை ஆயுட்காலம் சுமார் 450 கோடி ஆண்டுகள். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அதன் கதிர்வீச்சு குறைவு. குடிநீரில் அதைப் பற்றிய முதல் கவலை, அது சிறுநீரகத்துக்குச் செய்யும் வேதிக் கெடுதல்தான்.

ஸ்ட்ரான்ஷியம் 90 அணுப்பிளவில் உண்டாவது. அரை ஆயுட்காலம் சுமார் 29 ஆண்டுகள். கால்சியத்தின் அண்ணன் தம்பி என்பதால் உடம்புக்குள் போனால் எலும்பில் குடியேறும். தோலும் இதைப் பிடிக்கும். ஆனால் தண்ணீரில் கால்சியம் பல்லாயிரம் மடங்கு அதிகமாக நிற்கும்போது, தோலுக்கு இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

சீசியம் 137 இன்னும் சிக்கல். அரை ஆயுட்காலம் 30 ஆண்டுகள். ஒற்றை மின்னேற்றம் கொண்டது, சோடியம் பொட்டாசியம் கூட்டத்தில் கலந்து நழுவிவிடும். வெறும் பெக்டினுக்கு இது அகப்படுவது அரிது. இதைப் பிடிப்பதில் பெயர் பெற்றது பிரஷ்யன் நீலம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வண்ணப் பொருளாகப் பிறந்தது. அதன் படிகக் கூட்டுக்குள் சீசியம் அளவெடுத்தாற்போல் உட்காரும். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியிலிருந்த சீசியம் 137 பழைய இரும்புக் கடைக்குப் போய், ஊரே பாதிக்கப்பட்டு, நான்கு பேர் இறந்தார்கள். அப்போது 46 பேருக்குப் பிரஷ்யன் நீலம் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. மும்பைக் குழு நார்க்கழிவில் ஏற்றியது இந்த நீலத்தின் உறவுக்காரப் பொருளைத்தான். பிடிப்பது நீலம், தாங்கி நிற்பது நார்த்தூள்.

செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு பெலாரஸில் குழந்தைகளுக்கு ஆப்பிள் பெக்டின் கொடுத்துச் சீசியத்தை வெளியேற்றலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. அதன் பலன் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. “பழம் சாப்பிட்டால் கதிரியக்கம் போய்விடும்” என்று செல்பேசியில் யாராவது செய்தி அனுப்பினால், அதை அடுத்தவருக்குத் தள்ளாமல் இருப்பதே நல்லது.

ஆய்வகத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்

ஆய்வுக் கட்டுரைகளில் தொண்ணூறு விழுக்காடு, தொண்ணூற்றைந்து விழுக்காடு நீக்கம் என்று படிக்கும்போது மாணவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். என்ன தண்ணீர்? எவ்வளவு உலோகம்?

பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில், லிட்டருக்கு 50, 100 மில்லிகிராம் யுரேனியம் கலந்து, பி.எச். 5இல் வைத்துச் சோதிக்கிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனமும் நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். வரம்பைப் போல் இரண்டு மடங்கு உள்ள கிணறு என்றாலும் 60 மைக்ரோகிராம்தான். சோதனைக் குடுவையில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நீர்த்த நிலையில் தோலின் திறமை அதே அளவில் நிற்காது.

அதைவிடப் பெரிய சங்கதி பைகார்பனேட். நம் ஆழ்துளைக் கிணற்று நீரை நாலு நாள் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பாருங்கள். கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்தது அது. அப்படிப்பட்ட தண்ணீரில் யுரேனைல் அயனி கார்பனேட்டோடு கைகோத்து எதிர்மின்னேற்றம் பெற்றுவிடும், அல்லது கால்சியமும் சேர்ந்து மின்னேற்றமே இல்லாமல் போய்விடும். எதிர்மின்னேற்றமுள்ள தோல் அதை எப்படி இழுக்கும்? ஆந்திராவின் கடப்பை மாவட்டத்துத் தும்மலப்பள்ளி யுரேனியச் சுரங்கத்தின் ஆலையில், அமிலத்துக்குப் பதில் சோடியம் கார்பனேட் கலந்த காரக் கரைசலைக் கொண்டுதான் தாதுவிலிருந்து யுரேனியத்தைக் கரைத்தெடுக்கிறார்கள். ஆலையில் மனிதன் திட்டமிட்டுச் செய்வதை, பாறைக்குள் தண்ணீர் தானாகவே செய்கிறது. யுரேனியத்தைக் கரைத்து வைத்திருக்கும் அதே கார்பனேட், அதைத் தோலிடமிருந்தும் காப்பாற்றுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆரஞ்சுச் சக்கையில் இரும்பு ஏற்றியதுபோல், தோலில் வேறொரு உலோகத்தை ஏற்றி அதன் மின்னேற்றத்தை மாற்றலாம். பாஸ்பேட் தொகுதிகளை இணைக்கலாம். ஆனால் ஒவ்வொரு படிக்கும் செலவு உண்டு, வேதிப்பொருள் உண்டு. கழிவு, இலவசம் என்று தொடங்கிய கதை அங்கே விலை கேட்கத் தொடங்கும். வீட்டில் யாரும் தோலைக் குடத்தில் போட்டு வைக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதப்படுத்தாத தோலிலிருந்து சர்க்கரையும் நிறமும் கசிந்து, கிருமி வளர இடமாகும். தண்ணீர் இருந்ததைவிடக் கெட்டுப்போகும். இன்றைக்கு யுரேனியம் கூடுதலாக உள்ள கிணற்று நீரைக் குடிக்க வேண்டியிருந்தால் எதிர்ச்சவ்வூடு பரவல் முறை, அதாவது ஆர்.ஓ., நன்றாக வேலை செய்யும். ஆனால் ஆர்.ஓ. ஒதுக்கும் தண்ணீர் எங்கே போகிறது? கொல்லைப்புறத்து மண்ணுக்கு, அங்கிருந்து திரும்பக் கிணற்றுக்கு.

பிடித்த பிறகு

சாக்கடையில் கலந்த அழுக்கைக் கிருமிகள் தின்று செரித்துவிடும். உலோகம் அப்படி அழியாது. தோல் செய்வது இடமாற்றம். தண்ணீரில் பரவிக் கிடந்தது தோலில் குவிகிறது. நன்மையும் அதுவே, பொறுப்பும் அதுவே.

ஒரு கணக்குப் போடலாம். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 20 லிட்டர். ஆண்டுக்கு 7,300 லிட்டர். 60 மைக்ரோகிராமை 30 ஆகக் குறைக்க வேண்டுமென்றால் ஆண்டு முழுவதும் நீக்க வேண்டிய யுரேனியம் 219 மில்லிகிராம். கால் கிராம்கூட இல்லை. ஆயிரம் குடும்பங்களுக்குச் சேர்த்தால் 219 கிராம். லட்சக்கணக்கான லிட்டரில் சிதறியிருந்தது இப்போது சில மூட்டைத் தோலுக்குள் வந்துவிட்டது. அந்த மூட்டை குப்பைமேட்டுக்குப் போனால், மழையில் அழுகி, பிடித்ததை அப்படியே விடும். மாடு தின்றால் பால்வழியே வீட்டுக்கும் வரலாம். உரக்குழியில் போட்டால் வயலுக்குப் போகும். எரித்தால் கன அளவு குறையும், உலோகம் சாம்பலில் இன்னும் செறிவாக நிற்கும். அமிலத்தால் கழுவி எடுத்தால் தோலை மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் கழுவிய அமிலத்தை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அணுமின் நிலையக் கழிவில் இந்தக் கேள்வி பலமடங்கு கடுமை. கதிரியக்கம் குறைந்த கழிவைச் சிமெண்டில் கலந்து இறுகவைத்து, தரைக்கு அடியில் கட்டிய அறைகளில் வைப்பதும், கடுமையானதைக் கண்ணாடியாக உருக்கி அடைப்பதும் நடைமுறை. அங்கே பழத்தோலுக்கு ஒரு குறை உண்டு. கலவையில் சர்க்கரை சேர்ந்தால் சிமெண்ட் இறுகாது என்று எந்தக் கொத்தனாரும் சொல்வார். தாவரப்பொருள் காலப்போக்கில் மக்கும், கதிர்பட்டுச் சிதையும், வாயு விடும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அணு உலைகள் சேதமானபின் சீசியத்தைப் பிடிக்க அங்குள்ளவர்கள் பெரிதும் நம்பியது ஜியோலைட் போன்ற கனிமங்களை, அவை மக்காதவை. தோலைப் பயன்படுத்தினாலும் கடைசியில் சாம்பலாக்கி அடக்கும் ஏற்பாடு வேண்டும். எந்தத் தோலாலும், எந்தக் கனிமத்தாலும் பிடிக்க முடியாததும் உண்டு. தண்ணீர் மூலக்கூறின் பகுதியாகவே ஆகிவிடும் டிரிடியம் அப்படிப்பட்டது. 2023 ஆகஸ்டில் ஃபுகுஷிமா நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது உலகம் விவாதித்தது அதைப் பற்றித்தான்.

நம் ஊர் செய்யக்கூடியது

கச்சாப்பொருளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. சாத்துக்குடியைப் பிழிந்தால் எடையில் ஏறக்குறைய பாதி தோலும் சக்கையுமாக மிஞ்சும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பருவந்தோறும் தோலும் கொட்டையும் குவிகின்றன. நார்க்கழிவு தென்னை உள்ள ஊரெல்லாம் கிடைக்கிறது. புளியங்கொட்டையும் கடுக்காயும் சாயத் தொழிலுக்குப் பழக்கமானவை. கடுக்காயில் உள்ள டானின், பெர்சிமனில் உள்ளதற்கு உறவு. இத்தனையும் நம் கிணற்று நீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று சோதிப்பது மாணவர்களுக்கு ஏற்ற வேலை.

அதற்கு நான் மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, இங்குள்ள கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று ஆழ்துளைக் கிணற்று நீரின் கார்பனேட், கால்சியம், நைட்ரேட் அளவை எடுத்து ஒரு பட்டியல் போடட்டும். யுரேனியத்தை அளக்க வேண்டிய மாதிரிகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். எந்தக் கிணற்றில் சிக்கல், எதில் இல்லை என்று தெரியாமல் வடிகட்டி செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தறி ஓட்டுவதுதான்.

இரண்டாவது, தோல் ஆராய்ச்சியைத் தாமிரத்தில் தொடங்கட்டும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை, நம் கிணற்று நீரில் ஒரு முறை. இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள இறக்கத்தை மறைக்காமல் எழுதட்டும். சாயப்பட்டறைத் தண்ணீரிலும் சோதிக்கட்டும். ஆனால் பட்டுக்கு ஏற்றும் உலோகக் கலவைச் சாயங்களில் குரோமியம் சாய மூலக்கூறுக்குள்ளேயே பிணைந்திருக்கும், தோல் அதை எளிதில் பிரித்தெடுக்காது என்பதை மனத்தில் வைக்கட்டும். யுரேனியம், சீசியம் வேலை கல்பாக்கம் போன்ற இடத்து ஆய்வகங்களில், உரிய அனுமதியோடு மட்டுமே நடக்க வேண்டும்.

மூன்றாவது யோசனை ஊராட்சிக்கும் நகராட்சிக்கும். எந்த நிறுவனமாவது பழக்கழிவு வடிகட்டி என்று விற்க வந்தால், எத்தனை விழுக்காடு நீக்கும் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: தீர்ந்துபோன தூளை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? எடுத்துக்கொள்வதாக எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள். தண்ணீருக்கு ஒரு பதிவேடு இருப்பதுபோல் தூளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: எந்தக் கிணற்றில், எத்தனை நாள், எவ்வளவு தூள், எங்கே போனது என்று.

மலிவான பொருளால் பெரிய வேலை செய்ய முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மலிவு என்ற கணக்கு தூளை வாங்கும் விலையோடு முடியாது. தூள் கடைசியாகப் போய்ச் சேரும் இடம்வரை கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். அந்தக் கடைசி வரியையும் கூட்டிப் பார்த்து, கட்டுப்படியாகிறது என்று தெரிந்த கிணற்றில் தோலைப் பயன்படுத்துங்கள். கட்டுப்படியாகாத இடத்தில் வேறு கிணறு, வேறு நீர், வேறு முறை தேடுங்கள்.